சம்பா நெல்லும் என் சாரீரமும்

நான் நன்றாகப் பாடுகிறவன் என்று ஒரு வெயில் காலத்தில் தொடங்கி அடுத்த பனிக்காலம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் நம்பியிருந்தால் அது சாதாரண விஷயம். எங்கள் குழுவில் இருந்த மற்ற மூன்று பேரும் நம்பினார்கள், வீட்டில் அப்பாவும் நம்பினார். இத்தனை பேரை நம்பவைத்தது எங்கள் நெல் ஷெட்.

அம்மாப்பேட்டைக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டி அப்பா கட்டிய ஷெட் அது. சிமெண்டுத் தரை, பூசிய சுவர், உயரத்தில் தகரக் கூரை. எலி வரக்கூடாது என்பதற்காக ஜன்னல் கிடையாது. குறுவை நெல் களத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடும். சம்பா அறுவடை வரும் வரை அந்த ஷெட்டுக்கு வேலையே இல்லை. எனக்கும் அப்போது பெரிய வேலை இல்லை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு, வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு லேப்டாப்பில் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க ஆயிரம் பேருக்கு மன்னிப்புக் கேட்டாலும் வாய் திறக்கத் தேவையில்லாத உத்தியோகம். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் வாய் திறப்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

நாங்கள் நான்கு பேர். டிரம்ஸ் வாசித்தவன் என் பள்ளிக்கூட நண்பன், தஞ்சாவூரில் ஏசி மெக்கானிக். அவனுடைய பெரியம்மா மகள் கீபோர்டு. எங்களைவிட மூத்தவர், கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், அதனால் எல்லோருக்கும் அக்கா. கிட்டார் வாசித்தவன் கல்லூரியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன், ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்றுகொண்டிருந்தான். அதிகம் பேசமாட்டான். பேசினாலும் மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே குரலில்தான் பேசுவான். நான்காவது நான், பாடகன். தோளில் ஒரு கிட்டாரும் தொங்கும், ஆனால் அது பெரும்பாலும் அலங்காரம்.

எங்கள் சத்தம் சகிக்கவில்லை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. டிரம்ஸில் ஒரு அடி விழுந்தால் அது நான்கு சுவரிடமும் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வரும், அதற்குள் அடுத்த அடி விழுந்திருக்கும். கிட்டாரும் கீபோர்டும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து களி கிண்டின மாதிரி ஆகிவிடும். தப்பிப் பிழைத்தது என் குரல் ஒன்றுதான். ஒரு வரியை இழுத்து நிறுத்தினால், நிறுத்திய பிறகும் அது கூரைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும். கேட்க எனக்கே புல்லரிக்கும். "வாய்ஸ் மட்டும் இல்லன்னா நம்ம கதை கந்தல்டா" என்பான் டிரம்ஸ்காரன். நான் அடக்கமாகத் தலையை ஆட்டுவேன்.

சத்தத்தைச் சரிசெய்யும் பொறுப்பை டிரம்ஸ்காரன் எடுத்துக்கொண்டான். அவனுக்கு எந்தப் பிரச்சினையும் கரண்டில்தான் தொடங்கும். டெஸ்டரை வைத்துக்கொண்டு ஷெட்டின் ஒவ்வொரு பிளக்கையும் குத்திப் பார்த்தான். எர்த் சரியில்லை என்று வெளியே குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதிய எர்த் கம்பி இறக்கினான். இசை அப்படியே இருந்தது, பம்புசெட்டு ஸ்விட்சில் அடித்துக்கொண்டிருந்த ஷாக் மட்டும் நின்றது. அப்பா அவனை மிகவும் பாராட்டினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவனுக்கு இரண்டாவது டம்ளர் காப்பியும் கிடைத்தது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்று எங்கோ பார்த்துவிட்டு வந்து அதையும் செய்தோம். ஊரில் இருக்கும் டிபன் கடைகளில் எல்லாம் சொல்லிவைத்து, அட்டைகளைச் சேர்த்து ஒரு சுவர் முழுக்க ஒட்டினோம். கையைத் தட்டிப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை. அடுத்த வாரம் வந்தபோது பாதி அட்டையை எலி இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆக, குற்றம் அறையின் மேல் இல்லை என்று நாங்கள் அன்றே தீர்ப்பு எழுதி, அறைக்கு விடுதலை கொடுத்துவிட்டோம். பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் அந்தத் தீர்ப்புதான் காரணம்.

மார்கழியில் அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தார். கும்பகோணத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து, மாசி மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, சுற்றுவட்டாரத்தில் இருக்கும் புதுக் குழுக்களை வாசிக்க வைக்கிறார்கள். குழுவுக்கு நான்கு பாட்டு, அதில் ஒன்று சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். எங்களிடம் ஒரு சொந்தப் பாட்டு இருந்தது. வார்த்தையும் மெட்டும் நான் போட்டவை. ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போது இரண்டு பக்கமும் நிற்கிறவர்களைப் பற்றிய பாட்டு.

கேட்டு மூடிக் கெடக்கு, ரயிலக் காணோம்,
வெள்ளரிப் பிஞ்சு வாங்கிட்டேன், உப்பக் காணோம்

என்று தொடங்கும். வேடிக்கையாகத் தொடங்கி, கடைசியில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே முடியும். அந்தக் கடைசி இழுப்பை மேடையில் நின்று நான் பாட வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை. அப்பா அதற்குள் பெரியப்பாவிடமும், டீக்கடையிலும், கொள்முதல் நிலையத்து வரிசையிலும், "பய கும்பகோணத்துல பாடுறான்" என்று சொல்லி முடித்திருந்தார்.

அந்த வருஷம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தையில் மெஷின் விட்டு அறுத்த நெல் ஈரமாக இருந்தது, கொள்முதல் நிலையத்திலோ ஏற்கெனவே மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. அப்பா களத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, மூட்டை பிடித்து, ஷெட்டில் அட்டி போட்டுவிட்டார். மூன்று சுவரையும் ஒட்டி, எட்டினால் கை தொடுகிற உயரத்துக்கு மூட்டைக்கு மேல் மூட்டை. "ஒங்க சாமானுக்கு நடுவுல எடம் விட்டுருக்கேன், போதுமான்னு பாத்துக்கங்க" என்று எங்களிடம் சாவியைக் கொடுத்தார்.

அதே வாரத்தில்தான் திருச்சியிலிருந்து நாங்கள் வாங்கிய பழைய ஸ்பீக்கரும் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நெல் வாசனைக்கு நடுவில் அதை இறக்கிவைத்து, முதல் பாட்டை வாசிக்கத் தொடங்கியதும் நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் விழுந்த இடத்திலேயே இருந்தது. கிட்டார் கம்பிகள் தனித்தனியாகக் கேட்டன. அக்காவின் இடது கை என்ன வாசிக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் முறையாக ஒரு குழு மாதிரி இருந்தோம். "சொன்னேன்ல, ஸ்பீக்கர்தான்னு" என்றான் டிரம்ஸ்காரன். மத்தியானம் எங்கள் வீட்டுக்குப் போய் சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்து ஸ்பீக்கருக்குப் பொட்டு வைத்தான்.

பிறகு நான் பாட வேண்டிய நேரம் வந்தது. பாடினேன். குரல் வாயை விட்டு வெளியே வந்து, மைக்குக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டது. இழுத்த இடங்களில் கீழே சரிந்தது. மேலே போக வேண்டிய இடத்தில் முக்கால்வாசி போய் நின்றது. என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் டிரம்ஸ்காரன் காரணத்தைத் தயாராக வைத்திருந்தான்.

"நெல்லுச் சுனைடா. தொண்டையில போய்ப் புடிச்சிருக்கும்."

எல்லோரும் ஒப்புக்கொண்டோம். புது நெல்லின் சுனை பட்டால் உடம்பே அரிக்கும், தொண்டை என்ன பாடுபடும். நெல்லுக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்கு இதைவிட நியாயமான காரணம் வேறு கிடைக்காது. ஆக, குழு முன்னேறியதற்கு ஸ்பீக்கர் காரணம், நான் கெட்டதற்கு நெல் காரணம் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு என் தொண்டைக்கு நடந்த உபசாரம் புதுமாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. அம்மா காலையில் மிளகு ரசம், இரவில் பனங்கற்கண்டு போட்ட பால் என்று கொடுத்தார். கிட்டார்காரன் கடையிலிருந்து சப்பிச் சாப்பிடுகிற மாத்திரைகளை நிறம் நிறமாகக் கொண்டுவந்தான். நான் ஷெட்டுக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டு நுழைந்து, பாடுகிற நேரத்துக்கு மட்டும் கழற்றினேன். வார நாட்களில் மௌன விரதம். சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதை அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் குரல் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

மாசி நெருங்கியது. ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது கரண்டு இல்லை, ஷெட்டின் உள்ளே புழுக்கம். வெளியே களத்தில் உட்கார்ந்து, மைக்கோ ஸ்பீக்கரோ இல்லாமல் பாடிப் பழகலாம் என்று அக்கா சொன்னார். களத்தை அப்பா கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தார். வாய்க்கால் பக்கமிருந்து நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. சுனைக்கு அங்கே வழியில்லை. எனக்கு உற்சாகமாக இருந்தது. அன்று தொண்டை கரகரப்பில்லாமல் சுத்தமாக இருப்பதை நானே உணர்ந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து கேட் பாட்டைப் பாடினேன்.

ஷெட்டுக்குள் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. அதே இடத்தில் சரிந்தது, அதே இடத்தில் முக்கால்வாசியில் நின்றது. பாடி முடித்தபோது யாரும் சுனை என்று சொல்லவில்லை. டிரம்ஸ்காரன் வாய்க்காலில் போன ஒரு வாத்தை மிகவும் அக்கறையாகப் பார்த்தான்.

அக்காதான் பேசினார். "தம்பி, சுனை இல்லடா."

"பின்ன என்னக்கா?"

"நம்ம பழைய ரெக்கார்டிங் ஏதாச்சும் போன்ல இருக்கா?"

இருந்தது. புரட்டாசியில் எடுத்தது. அவர் அதை ஓடவிட்டு, என் காதருகே வைத்தார். காலி ஷெட்டில் நான் பாடியது. அந்த இழுப்பு, அந்தக் கணீர். "நல்லாக் கேளு. நீ இங்க நிறுத்திட்ட. இதுக்கப்பறம் கேக்குறது நீ இல்ல, ரூமு. நீ கொஞ்சம் எறங்குனாலும் அதுக்கு முன்னாடி பாடுனதோட சத்தம் மேல இருந்து மூடிடுது. குளிக்கிற ரூம்ல பாடுனா எல்லாருக்கும் நல்லா இருக்கும்ல, அதேதான். இப்ப மூட்டை எல்லாத்தையும் குடிச்சிடுது. அதனாலதான் எங்க வாசிப்பு சுத்தமாக் கேக்குது. ஸ்பீக்கரும் இல்ல, ஒண்ணும் இல்ல." கணக்கை விளக்குகிற அதே பொறுமையோடு சொன்னார். டிரம்ஸ்காரனுக்கும் முகம் விழுந்துவிட்டது. பொட்டு வைத்தவன் அவன்தானே.

நான் நம்ப மறுத்தேன். அப்படியென்றால் யார் பாடினாலும் இப்படித்தான் இருக்கும் என்றேன். அக்கா கிட்டார்காரனைப் பார்த்தார். எல்லோரும் ஷெட்டுக்குள் போனோம். கதவைத் திறந்துவைத்து, அந்த வெளிச்சத்தில் அவன் மூட்டைகளுக்கு நடுவில் நின்று, கையை என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு, என் பாட்டைப் பாடினான். முன்பு எப்போதாவது கூடச் சேர்ந்து பாடியிருக்கிறான். அப்போதெல்லாம் அவன் குரல் எதிரொலியில் கரைந்து போயிருக்கும், அவன் பாடினான் என்பதே நினைவிருக்காது. இப்போது அது சின்னக் குரலாக, நேராக வந்தது. எங்கேயும் சரியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. வெள்ளரிப் பிஞ்சும் கேட்டது, உப்பும் கேட்டது.

"தண்ணி தவிக்குது" என்று சொல்லிவிட்டு அவன் உடனே வெளியே போய்விட்டான். எனக்குக் கோபம் வந்தது. இது எங்கள் ஷெட், எங்கள் நெல், என் பாட்டு என்று வாய் வரை வந்தது. நெல்தான் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது என்பதால் அதைச் சொல்லவும் முடியவில்லை. அன்று சாப்பிடாமல் படுத்தேன். தொண்டை வலி அதிகமாகிவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

யாரும் என்னை விலகச் சொல்லவில்லை. அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? சாவி என் கையில் இருந்தது. அக்கா மட்டும் அடுத்த வாரம், "பாட்டு ஒன்னுது. யாரு பாடுறதுங்கிறதும் ஒன் முடிவுதான்" என்று சொல்லிவிட்டு, எனக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே வர ஆரம்பித்தார். கீபோர்டில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு என்னை அதில் நிற்கச் சொல்வார். நின்றேன். கொஞ்சம் தேறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கடைசி இழுப்பில் ஏதோ ஒன்று வராமலே இருந்தது. அது எப்போது வரும் என்று கேட்டேன். "பழகுனா வரும். மாசிக்குள்ள வருமான்னு தெரியல" என்றார். பொய் சொல்லத் தெரியாதவரை அக்காவாக வைத்திருப்பதில் இந்தக் கஷ்டம் உண்டு.

நான் முடிவெடுக்காமலேயே அந்த நாள் வந்துவிட்டது. பாடகன் நான்தான் என்றே எழுதிக் கொடுத்திருந்தோம்.

மண்டபம் கும்பகோணத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். பளபளவென்று டைல்ஸ் தரை, உயரமான கூரை, வரிசை வரிசையாகக் காலி பிளாஸ்டிக் நாற்காலிகள். மத்தியானம் ஒவ்வொரு குழுவாக மேடையில் ஏறிச் சத்தம் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் முறை வந்தபோது கேட் பாட்டைப் பாடினேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. குரல் மைக்கை விட்டு எழுந்து, கூரை வரை போய், மண்டபம் முழுக்க நிறைந்து திரும்பி வந்தது. கடைசி இழுப்பை நிறுத்திய பிறகும் அது நின்றுகொண்டிருந்தது. என் பழைய குரல். தொலைந்துபோன மாடு தானாக வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

"தம்பிக்கு நல்லா கணீர்னு இருக்குதுங்க" என்றார் சவுண்டு சர்வீஸ்காரர்.

டிரம்ஸ்காரன் இறங்கி வந்து என் முதுகில் தட்டினான். "பாத்தியா, ஒனக்கு ஸ்டேஜுதான்டா வேணும். சும்மா மூட்டைக்கு நடுவுல நின்னு மனச ஒடச்சுக்கிட்ட." கிட்டார்காரனும் நிம்மதியாகச் சிரித்தான். அவன் சிரிப்பில் பொய் இல்லை. மேடையில் பாடுவது என்றாலே அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். அக்கா கீபோர்டு வயரைச் சுற்றிக்கொண்டே காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சாயங்காலம் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். குழுக்களின் அப்பா அம்மாக்கள், சித்தப்பா பெரியப்பாக்கள், கல்லூரிப் பிள்ளைகள், மல்லிகைப்பூவும் பட்டுப்புடவையுமாகக் கல்யாணத்துக்கு வருகிற மாதிரியே வந்தவர்கள். என் அப்பா சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, பெரியப்பாவை அழைத்துக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். என்னைத் தேடிப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவர் இதுவரை எங்கள் ஒத்திகைக்கு ஒரு தடவைகூட ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை.

நாற்காலிகள் நிறைந்தன. எங்களுக்கு முன்னால் இருந்த குழு மேடையேறியது. அவர்களுடைய பாடகனை மத்தியானம் கேட்டிருந்தேன், மண்டபமே அதிர்ந்தது. இப்போது அவன் அதே பாட்டைப் பாடினான். குரல் முதல் வரிசையைத் தாண்டியதும் வற்றிவிட்டது. வாய்க்கால் கடைமடைக்கு வந்து சேருகிற தண்ணீர் மாதிரி கொஞ்சம்தான் பின்னால் வந்தது. அவன் தடுமாறி, என்ன ஆயிற்று என்று தெரியாமல் இன்னும் சத்தமாகப் பாடினான். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். புடவையும் வேட்டியும் உடம்பும் சேர்ந்து அந்த மண்டபத்தை எங்கள் ஷெட் ஆக்கிவிட்டிருந்தன. வந்த விருந்தினர்களை மூட்டை என்று நினைப்பது மரியாதை இல்லைதான். ஆனால் அன்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நன்றாக அடுக்கிய அட்டி.

கிட்டார்காரன் என் பக்கத்தில் நின்று கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட் பாட்ட நீ பாடு" என்றேன்.

"வெளயாடாதடா."

"வெளயாடல. நாலையும் நீயே பாடு. நான் கிட்டார் வாசிக்கிறேன்."

"மத்தியானம் அவ்ளோ நல்லாப் பாடுன."

"மத்தியானம் யாரும் இல்ல" என்றேன்.

அவனுக்குப் புரிந்தது. மூன்றாவது வரிசையை ஒரு முறை பார்த்தான். "அப்பா வந்திருக்காருடா" என்றான். "தெரியும்" என்றேன். அதற்கு மேல் பேசினால் நான் மனம் மாறியிருப்பேன். அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, மேடைக்குப் போய் மைக் ஸ்டாண்டை அவன் உயரத்துக்கு இறக்கிவைத்தார். நான் தோளில் தொங்கிய கிட்டாரின் வாரைச் சரிசெய்தேன். இந்த முறை சாக்குச் சொல்லச் சுனையும் இல்லை, அறையும் இல்லை.

அவன் பாடினான். முதல் பாட்டில் குரல் நடுங்கியது, இரண்டாவதில் நின்றது. கேட் பாட்டைத் தொடங்கி, வெள்ளரிப் பிஞ்சுக்கு உப்பைக் காணோம் என்றதும் கூட்டத்தில் சிரிப்புக் கேட்டது. அந்த வரியை நான் பல மாதங்களாகப் பாடியிருக்கிறேன். இதுவரை யாரும் சிரித்ததில்லை. என் குரல் போட்ட முழக்கத்தில் என் வார்த்தை யார் காதிலும் விழவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷமாக இருந்தது, வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று தெரிந்துகொண்டேன். கடைசி இழுப்பை அவன் இழுக்கவே இல்லை, சும்மா சொல்லி முடித்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைப் பற்றிய வரி அது. மண்டபம் கைதட்டியது.

பெரியப்பா அப்பாவின் காதில் ஏதோ கேட்டார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டு ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் பெரியப்பாவோடு கிடைத்த முதல் பஸ்ஸில் போய்விட்டார்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை வந்துவிட்டிருந்தது. சுமை தூக்குகிறவர்கள் மூட்டைகளை ஏற்றி முடித்துக் கிளம்பிய பிறகு, ஷெட்டில் சிந்திய நெல்லை அப்பாவும் நானும் கூட்டிக்கொண்டிருந்தோம். அவர் விளக்குமாற்றை வைத்துவிட்டு முறத்தை எடுத்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் பையன் நல்லாப் பாடுனான். வார்த்தையெல்லாம் வெளங்குச்சு."

"ஆமாம்ப்பா."

"பாட்டு நீ எழுதுனதாமே."

"ஆமாம்."

முறத்தில் நெல்லை அள்ளினார், தூசியை ஊதினார். "நான் பம்புசெட்டுல இருந்து கேப்பேன். ஐப்பசி, கார்த்திகையில எல்லாம். தகரத்துல முட்டி அங்க வரைக்கும் வரும். என்ன வார்த்தைன்னு ஒண்ணும் வெளங்காது. ஆனா நம்ம பயதான் பாடுறான்னு தெரியும்." முறத்தைக் கீழே வைத்தார். "இப்ப காலியாத்தான் கெடக்கு. ஒனக்குப் பாடணும்னு இருந்தா பாடு. எனக்கு அந்தச் சத்தம் பழகிப்போச்சு."

வாழைக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், மோட்டாரைப் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். நான் விளக்குமாற்றோடு நடுவில் நின்றேன். சுவர்கள் மூன்றும் வெறுமையாக இருந்தன, ஒன்றில் எலி விட்டுவைத்த முட்டை அட்டைகள் மட்டும் தொங்கின. மெதுவாகக் கேட் பாட்டைத் தொடங்கினேன். குரல் கூரைக்குப் போய்ப் பெரிதாகத் திரும்பி வந்தது. அதில் எவ்வளவு நான், எவ்வளவு அறை என்று இப்போது எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். இருந்தாலும் முழுப் பாட்டையும் பாடினேன், கடைசி இழுப்பை மூச்சு உள்ள மட்டும் இழுத்தேன். பம்புசெட்டு அங்கிருந்து கூப்பிடுகிற தூரம்தான். பாட்டு முடிகிற வரைக்கும் மோட்டார் சத்தம் கேட்கவில்லை.